நாடகம் படிக்க எங்கே சேர்க்க: பாளையங்கோட்டையா, வெளியூர்ப் பல்கலைக்கழகமா?

கல்லிடை அண்ணன்

வணக்கம். தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ எழுதுதா. மேடை நாடகம்தான் படிக்கணும்னு ஒரே பிடியா நிக்கா. சினிமா, சீரியல் பேச்சே கிடையாது. வீட்டுல யாரும் தடுக்கல. எங்கே சேர்க்கன்னுதான் தெரியல.

கல்லிடைக்குறிச்சியில இருந்து பாளையங்கோட்டைக்கு தினமும் போய்ட்டு வந்துரலாம். அங்கே விசாரிச்ச காலேஜ்ல தமிழ், இங்கிலீஷ், விஸ்காம் இருக்கு. நாடகத்துக்குன்னு தனிப் பட்டம் இல்ல, மாணவர் நாடகக் குழு மட்டும் உண்டு. பதினஞ்சு பேர்தான், எல்லாருக்கும் வேஷம் கிடைக்கும்ங்காங்க. இன்னொரு பக்கம் புதுச்சேரி, திருச்சூர், ஐதராபாத்துன்னு பெரிய பல்கலைக்கழகங்க. பேரு, லைப்ரரி, அரங்கம் எல்லாம் இருக்கும். ஆனா அம்புட்டுக் கூட்டத்துல பிள்ளை காணாமப் போயிருமோன்னு அம்மாவுக்குப் பயம்.

சின்ன இடமா, பெரிய இடமா? நேர்ல போய்ப் பாத்தா எதை வச்சு முடிவு பண்ண? பட்டத்துக்கு வேலை மதிப்பு எப்படி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விளக்குக்கம்பம்

தம்பி, முதலில் அம்மாவின் பயத்துக்குப் பதில். பல்கலைக்கழகம் பெரிசு என்பதால் நாடகத் துறையும் பெரிசு என்று ஆகிவிடாது. வளாகத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருப்பார்கள். நாடகத் துறையில் ஒரு வகுப்புக்குப் பத்து இருபது பேர்தான் தேறும். கூட்டமெல்லாம் கேன்டீனில்தான், ஒத்திகை அறையில் இல்லை. அதே மாதிரி சின்னக் கல்லூரி என்பதாலேயே எல்லாருக்கும் வேஷம் கிடைத்துவிடாது. வருஷத்துக்கு ஒரு ஆண்டுவிழா, அதில் இருபது நிமிஷ நாடகம், அதில் மூன்று பேருக்கு வசனம் என்று நடக்கிற இடங்கள்தான் அதிகம்.

ஆகவே ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டு மணிக்கணக்கைக் கேளுங்கள். ஒரு மணி நேர நாடகத்தை ஒழுங்காக மேடை ஏற்ற 80 முதல் 100 மணி நேர ஒத்திகை பிடிக்கும். உட்கார்ந்து வாசிப்பதற்குப் பத்து மணி. நடமாட்டம் அமைத்துக் காட்சி காட்சியாகக் கட்டுவதற்கு ஐம்பது மணி. முழு நாடகத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டுவதற்கு மீதி. கடைசி மூன்று நாலு நாள் விளக்கோடும் உடையோடும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் வைத்தால் ஆறு வாரம். இப்படி முழுசாகக் கட்டிய நாடகம் வருஷத்துக்கு எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை மாணவருக்கு வேலை, எத்தனை காட்சி நடந்தது என்று கேட்டால் பதில் சொல்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு மூட்டை கட்டுகிற நாடகத்தில் பாதிப் படிப்புதான் கிடைக்கும். இரண்டாவது காட்சியில்தான் நடிக்கிறவருக்கு எங்கே மூச்சு போதவில்லை, எந்த வசனம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவில்லை என்பது புரியும்.

நேரில் போகும்போது முதல்வர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். ஒத்திகை நடக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தரையைப் பாருங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் தினம் இரண்டு மணி நேரம் குதித்து, விழுந்து பயிற்சி செய்தால் ஒரு வருஷத்துக்குள் முழங்காலும் குதிகாலும் வலிக்க ஆரம்பிக்கும். மரத்தளம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கனத்த விரிப்பாவது வேண்டும். பிறகு மேலே நிமிர்ந்து பாருங்கள். விளக்கு தொங்கவிடக் குழாய் இருக்கிறதா, அதில் விளக்கு இருக்கிறதா, விளக்கின் மேல் எத்தனை மாதத்துத் தூசி.

கீழே பிளக் பாயிண்டைப் பாருங்கள். பழைய 1000 வாட் விளக்கு ஒன்று நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று விளக்குதான் தாங்கும், நாலாவதைச் சொருகினால் நாடகத்தின் நடுவே ஃபியூஸ் போகும். சுவரில் 5 ஆம்பியர் பிளக்குகள் மட்டும் இருந்து, ‘நாங்க ஸ்பாட் லைட் போட்டு நாடகம் நடத்துறோம்’ என்று சொன்னால், அந்த விளக்கு பந்தல்காரரிடமிருந்து ஜெனரேட்டரோடு ஒரு ராத்திரிக்கு வருகிறது என்று அர்த்தம். மாணவர் கைக்கு அது எட்டவே எட்டாது. இப்போது எல்இடி விளக்கு வந்துவிட்டதால் மின்சாரப் பிரச்சினை குறைந்திருக்கிறது. ஆனால் கேள்வி மாறவில்லை: கடைசியாக நடந்த நாடகத்தில் விளக்கைக் கட்டியது யார், இயக்கியது யார்? ‘மாணவர்’ என்றால் அந்த மாணவரைக் கூப்பிடச் சொல்லி அவரிடமே பேசுங்கள்.

இன்னொன்று, எல்லாரும் கேட்க மறப்பது. முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், அதில் ஓய்வுபெறப் போகிறவர் யார்? சின்ன இடங்களில் நாடகம் ஒரே ஒருவர் தோளில் நிற்கும். அவர் போன மறுவருஷம் அறைக்குப் பூட்டு விழும். பெரிய இடத்தில் வேறு விதமான சிக்கல். ஆள் இருப்பார், இடம் இருக்கும், ஆனால் ஐந்து மணிக்குக் காவலாளி சாவியைக் கொண்டுபோய்விடுவார். ஒத்திகை அறை ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை மாணவரிடம் கேளுங்கள், ஆசிரியரிடம் வேண்டாம்.

பாளை வாசகர்

விளக்குக்கம்பம் அண்ணாச்சி சொன்னதோடு சேர்க்கை விவரமும் வேண்டும். ஏனென்றால் கல்லிடை அண்ணன் ஒரே தட்டில் வைத்த மூன்று ஊரில் இரண்டு இப்போதைக்குக் கணக்கிலேயே வராது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் ஐதராபாத் பல்கலைக்கழகத்திலும் நாடகம் முதுகலைப் படிப்பு. இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகம், பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. முதுகலைக்கான அந்தத் தேர்வுக்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம் போட வேண்டும், தேர்வு மார்ச் வாக்கில் வரும். பட்டம் வாங்கிய பிறகு ஜூனில் விசாரிக்கலாம் என்று இருந்தால் ஒரு வருஷம் போய்விடும். ஆண்டுதோறும் பிள்ளைகள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பிளஸ் டூ முடித்த கையோடு நாடகத்திலேயே இளங்கலை சேர, நமக்குப் பக்கத்தில் இருப்பது திருச்சூர். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளை முன்னின்று 1977-ல் தொடங்கியது, அரணாட்டுக்கரையில் இருக்கிறது. அங்கே நாடகக் கலையில் இளங்கலைப் பட்டமே உண்டு.

புதுச்சேரி பற்றி நம்மூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அந்த நாடகப் பள்ளி 1988-ல் தொடங்கியபோது நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரை வைத்தார்கள். சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர், 1922-ல் புதுச்சேரியில் காலமானவர். பள்ளியைத் தொடங்கி நடத்தியவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. தமிழில் நாடகத்தை முதுகலையாகப் படிக்க நினைப்பவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வளாகம் காலாப்பட்டில், ஊரிலிருந்து தள்ளி கடற்கரைச் சாலையில் இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் விழுப்புரம் இறங்கிப் பஸ் பிடித்தால் காலையிலேயே போய்ச் சேரலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத் துறை உண்டு. அந்தந்த ஆண்டு எந்தப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது என்பதைத் துறைக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு இப்போதே அவசரம் வேண்டாம். அதற்கும் முதலில் ஒரு பட்டம் வேண்டும். கூடவே ஆறு நாடகங்களிலாவது பங்கேற்றதற்குச் சான்று, இந்தியும் ஆங்கிலமும் புரிந்து பேசும் அளவு. நாடு முழுக்கவும் சேர்த்து முப்பது சொச்சம் இடம்தான். 

வேலை மதிப்பு கேட்டீர்கள். பட்டம் வேறு, பட்டயம் வேறு. கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற கிராமத்தில் நீநாசம் என்ற நாடக அமைப்பு நடத்தும் ஓராண்டுப் படிப்பு நாடகக்காரர்கள் மத்தியில் பெரிய மரியாதை உள்ளது. கே.வி. சுப்பண்ணா என்ற மனிதர் பாக்குத் தோட்டத்து ஊரில் உண்டாக்கிய இடம், அந்த வேலைக்காக 1991-ல் அவருக்கு மகசேசே விருதும் கிடைத்தது. சின்ன இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைத்தான் காட்டுவேன். ஆனால் அது பட்டயம், பாடம் கன்னடத்தில். அதை மட்டும் வைத்துக்கொண்டு பட்டம் கேட்கிற அரசுத் தேர்வு எதையும் எழுத முடியாது. கல்லூரியில் கற்பிக்க ஆசைப்பட்டால் முதுகலை முடித்து ‘நெட்’ தேர்வு எழுத வேண்டும். அதில் நாட்டியம், நாடகம், அரங்கக்கலை சேர்ந்து ஒரு பாடமாக, 65-ஆம் எண்ணில் இருக்கிறது.

எனவே என் யோசனை: மூன்று வருஷம் பாளையங்கோட்டையில் தமிழோ ஆங்கிலமோ படிக்கட்டும், பிறகு முதுகலைக்குப் புதுச்சேரி. அங்கே தூய சவேரியார் கல்லூரியில் நாட்டுப்புறக் கலைகளையும் கதைகளையும் ஆராயும் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஆய்வு மையமும் இருக்கின்றன. வேறு கல்லூரியில் படித்தாலும் அங்கே உள்ளவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்வது நாடகம் படிக்கிற பிள்ளைக்குப் பெரிய பலம்.

குற்றாலச்சாரல்

பாளை வாசகர் சொல்லும் வழியில் எனக்கு உடன்பாடில்லை. உடம்புப் பயிற்சியும் குரல் பயிற்சியும் பதினெட்டு வயதில் தொடங்குவதற்கும் இருபத்தொன்றில் தொடங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. மூன்று வருஷம் இலக்கணமும் ஷேக்ஸ்பியரும் படித்துவிட்டு, நாடகத்தைச் சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கினால் ஆர்வம் தேய்ந்துவிடும். அந்தப் பெண் ஒரே பிடியாக நிற்கிறாள் என்றால் திருச்சூருக்கே அனுப்புங்கள்.

மலையாளம் பயப்பட வேண்டிய மொழியில்லை, செங்கோட்டை தாண்டினால் கேட்கிற பேச்சுதான். ஆறு மாதத்தில் காதுக்குப் பிடிபடும், எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் தென்காசி, புனலூர் வழியாகத் திருச்சூரிலேயே இறங்கலாம். அந்த ஊரில் கேரள சங்கீத நாடக அகாதமி இருக்கிறது, சர்வதேச நாடக விழா நடக்கிறது. வகுப்பில் சொல்வதை அன்று ராத்திரியே மேடையில் பார்க்கக் கிடைக்கும். நம் பக்கம் அது கிடைக்காது. நுழைவில் நடிப்புச் சோதனை இருக்கும், அதற்குத் தயாராகப் போகட்டும்.

மகுடம்

ஒரு பெண்பிள்ளை நாடகம் படிப்பதைப் பற்றிப் பேசுகிறோம், விடுதிக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று யாரும் கேட்கவில்லையே. இதுதான் முதல் கேள்வி. ஒத்திகை ஒன்பதுக்கு முடியும், விடுதியில் ஏழு மணிக்கு வருகைப்பதிவு என்றால் அந்தப் பிள்ளைக்குச் சின்ன வேஷம்தான் கொடுப்பார்கள். திறமை குறைவு என்று இல்லை, பாதியில் எழுந்து போகிறவரை வைத்துப் பெரிய காட்சி கட்ட முடியாது. துறைத்தலைவர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு உண்டா, திரும்பும்போது யார் கூட வருவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டிலிருந்து போய்வருகிற பிள்ளைக்கும் இதே கதைதான். சாயங்காலச் செங்கோட்டை ரயிலைப் பிடிக்க ஐந்தரைக்கே ஓட வேண்டும் என்றால் நாடகக் குழுவில் பெயர் இருக்கும், வேஷம் இருக்காது. பாளையங்கோட்டையில் சேர்த்தால் வாரம் மூன்று நாளாவது தங்க ஒரு சொந்தக்காரர் வீடோ விடுதியோ பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அடுத்தது கல்லூரி நாடகக் குழு என்பது என்ன செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இளைஞர் விழாவில் ஓரங்க நாடகம் 30 நிமிஷம், ஸ்கிட் என்ற குறுநாடகம் 10 நிமிஷம், வசனமில்லாத மைம் 5 நிமிஷம். பல கல்லூரிகள் ஸ்கிட்டும் மைமும் மட்டும் செய்யும், ஏனென்றால் பத்து நாளில் தயாராகிவிடும், கோப்பையும் வரும். அது வேறு பழக்கம். நிமிஷத்துக்கு ஒரு கைதட்டல் வாங்கப் பழகிய உடம்பு, மௌனமாக நிற்க வேண்டிய காட்சியில் நிற்காது, கையை ஆட்டும். தொடர்ந்து ஓரங்க நாடகம் செய்கிற கல்லூரி எது என்று கேட்டு அதில் சேருங்கள்.

திருநெல்வேலிக்கென்று ஒரு சொத்து இருக்கிறது, அதை எந்தப் பல்கலைக்கழகமும் தர முடியாது. பங்குனியிலிருந்து வைகாசி வரை சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாக்களில் கணியான் கூத்தும் வில்லுப்பாட்டும் நடக்கும். நடிப்பு படிக்கிற பிள்ளை இதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஆனால் வேடிக்கையாக இல்லை. கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் மேளம் இரண்டு இருக்கும், உச்சச் சுருதிக்கு ஒன்று, மந்தச் சுருதிக்கு ஒன்று. ஆட்டத்துக்கு முன்னால் தீ மூட்டி மகுடத்தின் தோலை அனலில் காட்டுவார்கள். விரலால் சுண்டுவார்கள், காதருகே வைப்பார்கள், மறுபடி காட்டுவார்கள். இரண்டின் சுருதியும் விலகி நிற்கும் வரை தலைமைப் பாடகரான அண்ணாவி வாயைத் திறக்கமாட்டார். பனி இறங்க இறங்கத் தோல் தளரும், நடுவில் எழுந்து போய் மறுபடி காய்ச்சிக்கொண்டு வருவார்கள், அந்த இடைவெளியில் அண்ணாவி கதையை எப்படி இழுத்துப் பிடிக்கிறார் என்று பாருங்கள். மைக் இல்லாமல் பாடின காலத்துக் குரல் எங்கிருந்து வருகிறது, பெண் வேஷமிட்டு ஆடுகிறவர் விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சை எப்படிப் பங்கு வைக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி பாடியதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடும் இடத்தைக் கவனிக்கட்டும். மேடையில் எதிராளி பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. ஏப்ரலில் பருவத் தேர்வு கொடையோடு மோதும், அதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லிடை அண்ணன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகுடம் அக்கா சொன்ன ரயில் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. தங்கச்சியும் படிச்சா. திருச்சூர் சோதனைக்கும் போறேன், பாளையங்கோட்டைக்கும் விண்ணப்பம் போடுதேன்ங்கா. நடிப்புச் சோதனைக்கு எப்படித் தயார் பண்ண? ஆறு நாடகச் சான்றுன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன வச்சுக்கணும்?

மகுடம்

ரெண்டையும் போடுவது சரி. தங்கச்சிக்கு இரண்டு பகுதி மனப்பாடமாக வேண்டும். ஒன்று பழைய செய்யுள் நடை, ஒன்று இன்றைய பேச்சு நடை. ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம், போன் கடிகாரத்தில் அளந்து. செய்யுளுக்கு மனோன்மணீயத்திலிருந்து எடுக்கலாம். சுந்தரம் பிள்ளை எழுதி 1891-ல் வந்த கவிதை நாடகம், அவர் பெயரில்தான் அபிஷேகப்பட்டியில் நம் பல்கலைக்கழகமே இருக்கிறது. நீளமான அடிகளை மூச்சு உடையாமல் சொல்லிப் பழகினால் குரல் எங்கே திணறுகிறது என்பது தானாகத் தெரியும். மேடையேற்றக் கடினமான நாடகம்தான், வாய்க்குப் பயிற்சியாக நல்லது.

சினிமா வசனம் வேண்டவே வேண்டாம். தேர்வாளருக்கு அந்த நடிகர்தான் கண்ணில் தெரிவார், உங்கள் தங்கச்சி தெரியமாட்டாள். அழுகைக் காட்சியும் வேண்டாம், இரண்டு நிமிஷத்தில் அழ முயன்றால் தொண்டை இறுகி வார்த்தை விழுங்கிப்போகும். எதிரே இருக்கிற ஒருவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கப் பார்க்கிற மாதிரியான பகுதியை எடுக்கட்டும். பாதியில் நிறுத்தி, ‘இதையே கோபமில்லாமல் சொல்லு’, ‘பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லு’ என்பார்கள். மனப்பாடம் செய்யும்போதே ஒரே ராகத்தில் பதிய வைத்துவிட்டால் அங்கே மாற்ற வராது. நடந்துகொண்டு ஒரு தடவை, கோலம் போட்டுக்கொண்டு ஒரு தடவை, தண்ணீர்க் குடத்தோடு ஒரு தடவை என்று சொல்லிப் பழகட்டும். ஒரு பாட்டு, இசைக்கருவி இல்லாமல். நாட்டுப்பாட்டு போதும், சுருதி விலகாமல் இருந்தால் சரி.

சான்றுக்கு இன்றைக்கே ஒரு கோப்பு போடுங்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் அழைப்பிதழ் அல்லது நோட்டீஸ், அதில் தேதியும் இடமும் இவள் பெயரும் அச்சில் இருக்க வேண்டும். பெரும்பாலும் ‘மற்றும் மாணவர்கள்’ என்று முடித்துவிடுவார்கள், அச்சுக்குப் போகும் முன்பே பெயரைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். இயக்குநர் கையெழுத்தும் நிறுவன முத்திரையும் உள்ள ஒரு கடிதம், நாடகப் பெயர், என்ன வேஷம் அல்லது என்ன வேலை, எத்தனை காட்சி என்ற விவரத்தோடு. இரண்டு புகைப்படம், ஒன்றில் முகம் தெரியணும், ஒன்றில் மேடை முழுசாகத் தெரியணும். கடிதத்தை நாடகம் முடிந்த வாரமே வாங்கிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்துப் போனால் அந்த ஆசிரியர் வேறு ஊருக்கு மாறியிருப்பார்.

விளக்குக்கம்பம்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன் தம்பி. அந்தக் கோப்பில் நடித்த நாடகங்கள் மட்டும் வேண்டாம். இரண்டிலாவது மேடை நிர்வாகமோ விளக்கோ செய்திருக்கட்டும். அதற்கு அத்தாட்சி மேடை நிர்வாகக் குறிப்பேடு. நாடகப் பிரதியை ஒரு பக்கம் ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் யார் எந்தப் பக்கமிருந்து நுழைகிறார், எந்தச் சொல்லுக்கு எந்த விளக்கு ஏறுகிறது என்று பென்சிலில் எழுதின நோட்டு. பேனாவில் எழுத வேண்டாம், ஒத்திகையில் பத்துத் தடவை மாறும். ரப்பர் போட்டு அழித்த தடத்தோடு அந்த நோட்டை அப்படியே எடுத்துப் போகட்டும், அழகாகத் திரும்ப எழுத வேண்டாம்.